கலத்தில் இறங்காத கை

தலைமை தாங்கும் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் பெரியோர்களே, மடியில் மழலையும் மனத்தில் கவலையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! அக்ரா வீதிகளில் வேன் ஓட்டும் அயிக்வேய், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவன், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தோலுக்கும் தட்டுக்கும் என்ன தொடர்பு என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது என் முட்டாள்தனம் ஒன்றுதான். அதைச் சொல்கிறேன்.

என் மகள் ஷோர்மேவுக்கு ஐந்து வயது. முழங்கை மடிப்பில் அரிக்கும் கரப்பான், முழங்கால் மடிப்பில் கரப்பான். நான் மருத்துவரைக் கேட்டேனா? இல்லை! மருந்துக்கடையைக் கேட்டேனா? இல்லை! வண்டியில் ஏறியவர்களைக் கேட்டேன்!

"மீனை நிறுத்துப்பா" என்றார் முன்சீட்டுக்காரர். "மீனில்லைங்க, முட்டை" என்றாள் கூடைக்காரி. "கடலைதான்யா வில்லன்! சோளமும் ஆகாது!" என்றது பின்சீட்டு. கடைசி நிறுத்தம் வருவதற்குள் என் மகள் தட்டு காலி. சிரியுங்கள் அம்மா, நன்றாகச் சிரியுங்கள்.

போன ஆண்டு ஹோமோவோ திருநாள் வந்தது. பசியையே கேலி செய்யும் நாள். பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒரே கலத்தில் கைவிடும் நாள். அவித்த சோளமாவு, செம்பனைக் குழம்பு, புகையில் வாட்டிய மீன். எல்லாக் கையும் கலத்தில். ஒரு சின்னக் கை மட்டும் மடியில்.

"அப்பா, எல்லாரும் பசியைக் கேலி பண்றீங்களே... எனக்கும் பசிக்குது. என் பசியையும் கொஞ்சம் கேலி பண்ணுப்பா."

அவையோரே! எத்தனையோ பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டிக்கு அச்சு முறிந்ததில்லை. அன்று எனக்கு முறிந்தது.

மறுநாளே இந்த மருத்துவமனைக்கு ஓடிவந்தேன். நர்ஸ் கோர்க்கோர் எடை பார்த்தார்.

"அண்ணே, பிள்ளை இப்படி இளைச்சுப் போச்சே! யாரு நிறுத்தச் சொன்னது?"

"பயணிங்க..."

"அப்ப நாளைக்கு உங்க வண்டியை நான் ஓட்டவா?"

என்ன தின்றாள், எப்போது அரித்தது என்று எழுதிவரச் சொன்னார்கள். சோதித்தார்கள். ஒவ்வோர் உணவாய்த் தங்கள் கண்முன்னே திருப்பித் தந்தார்கள். மீன் நிரபராதி! கடலை நிரபராதி! சோளம் நிரபராதி! அவளுக்கு ஆகாதது முட்டை ஒன்றுதான். பல பிள்ளைகளுக்கு ஆகாத உணவென்று ஒன்றுகூட இருக்காதாம். குளித்த ஈரம் காயுமுன் களிம்பு பூசுவதே பெரிய வைத்தியமாம்.

கரப்பான் இன்னும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. பார்க்கட்டும்! இந்த ஆண்டுத் திருநாளில் கலத்தில் முதலில் இறங்கிய கை யாருடையது? ஐந்து சின்ன விரல்கள்! "கை போடுப்பா, ஆறிடும்!" என்றாள். எனக்குத்தான் கண்ணீர் மறைத்துக் கலம் தெரியவில்லை.

தாய்மார்களே, தந்தையரே! பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு பருக்கையை எடுக்குமுன் இந்த வாசலுக்கு வாருங்கள். வர வண்டி இல்லையா? என் வண்டி இருக்கிறது, இலவசம். ஆலோசனை மட்டும் அதில் இனிக் கிடைக்காது!

கேட்ட செவிகளுக்கு நன்றி. மடியில் உறங்கும் மழலைகளுக்கு முத்தம். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.