மடிக்காத கயிறு

— பூச்சியம்.

— வடிவா யோசிச்சுச் சொல்லும், அன்ரனிட்டா. ரண்டின்ர பூச்சியமாம் வலு, ரண்டுக்கு மேல சின்னனாப் பூச்சியம்...

— பூச்சியந்தான். வேறை என்ன வரும்?

— கொப்பியில ஒண்டெண்டு கிடக்கு.

— அப்ப கொப்பி பிழை.

— நாளைக்குச் சோதினை! கணிதம் பாஸ் இல்லாட்டி மீன்பிடிச் சங்கத்து ஐஸ் அறை வேலை உமக்கு இல்லை. எனக்கும் இந்தத் தோளோட இனி வலை இழுக்கேலாது. நீர் கொப்பியோட சண்டை பிடியும்.

— நீங்கள் விளங்கப்படுத்துங்கோவன், பேணாட் மாஸ்ரர்.

— கட்டின மனுசனை மாஸ்ரர் எண்டு பகிடியோ? தொண்ணூறில இடம்பெயரேக்க எட்டாம் வகுப்போட விட்டனான். பதின்மூண்டு வருசம்... சரி, அந்தத் தூண்டில் கயித்தைத் தாரும். துண்டு வெட்ட மடிக்கிறனாங்கள் எல்லோ? ஒருக்கா மடிச்சா?

— ரண்டு கயிறு.

— இன்னொருக்கா?

— நாலு.

— மூண்டாந்தரம்?

— ஆறு... பொறுங்கோ, எட்டு!

— அதுக்கு மேல ரண்டு மடிப்பு?

— ஐஞ்சு மடிப்பு... முப்பத்திரண்டு. ஓ! பெருக்கேக்க மேல எழுதிற சுட்டியைக் கூட்டுறது இதுக்கோ!

— ஓம். இப்ப ஒவ்வொரு மடிப்பா அவிழ்க்கிறன். பதினாறு, எட்டு, நாலு, ரண்டு... மடிப்பே இல்லை. கையில என்ன கிடக்கு?

— ஒரு கயிறு.

— அதுதான் ஒண்டு.

— என்ர மாதாவே... உங்கட தலைக்குள்ள இவ்வளவு கிடக்கோ!

— சும்மா இரும். அதையும் பாதியாக்கினா அரை. சய ஒண்டாம் வலு, மேல கழித்தல் குறியோட ஒண்டு.

— நில்லுங்கோ, நில்லுங்கோ. அது அங்கால பக்கத்தில எல்லோ கிடக்கு? எப்ப பாத்தனீங்கள்?

— ...நீர் சந்தைக்குப் போற நேரத்தில. சிரிக்காதேயும்.

— சிரிக்கேல்லை. பெருமையாக் கிடக்கு. எத்தனை பக்கம் முடிச்சனீங்கள்?

— கொப்பி முழுக்க... விடும், வெக்கமாக் கிடக்கு. சோதினை உமக்கு. அனுமதி அட்டையை எடுத்து வைச்சனீரோ?

— இந்தாங்கோ. வாசியுங்கோ.

— ...இதில என்ர பேரெல்லோ கிடக்கு!

— மண்ணெண்ணெய்க் கூப்பனுக்கெண்டு கையெழுத்து வாங்கினன், ஞாபகமோ? அது இதுக்கு. சங்கத்தில வேலை கேட்டதும் உங்களுக்குத்தான். படியுங்கோ எண்டு சொன்னா, இந்த வயசிலயோ எண்டு எழும்பிப் போயிருப்பீங்கள்.

— அப்ப நீர் மூண்டு மாதமா என்னட்டைப் பிழை பிழையாச் சொன்னது...?

— நான் கலியாணத்துக்கு முதலே கணிதம் பாஸ். ஆனா பூச்சியமாம் வலு ஏன் ஒண்டெண்டு... சத்தியமா இண்டைக்குத்தான் விளங்கினது.