மார்ஜரின் டப்பாவும் வெலிலேயின் கதவும்

எங்கள் மலைச்சரிவுகளுக்கு மூத்தவராய், எங்கள் வழக்குகளுக்கு முடிவாய், இந்த அவையின் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் ஜொங்கிலிஸ்வே அவர்களே! எங்கள் காய்ச்சலையும் காயத்தையும் தம் தோளில் சுமக்கும் மருத்துவ நிலையச் செவிலியர் நொமபேலோ அவர்களே! கஞ்சா விளைவித்துக் கஞ்சியும் கல்வியும் எங்களைக் காண வைத்த முதியோர்களே! முதுகில் பிள்ளையும் தலையில் விறகும் நாவில் ஊர்க்கதையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சுவரில் சாய்ந்தபடி, சாப்பாடு எப்போது என்று கண்ணாலேயே கேட்கும் இளைஞர்களே! ஆட்டிறைச்சி வேகிறது, பொறுங்கள். உங்கள் அனைவருக்கும் ரதெபே குலத்து மகள், பள்ளிச் சமையற்கூடத்துப் பபல்வாவின் பணிவான வணக்கம்.

இந்த அவைக்கு வராத ஒருவர் இருக்கிறார். அவருக்கும் வணக்கம்.

சற்று முன் மாம்பேலே அக்கா என்னிடம் கேட்டார்: “ஏன்டி, ஒரு ஸ்பீக்கர மட்டும் எதுக்கு ரோட்டப் பாத்துத் திருப்பி வச்சிருக்கே? மாட்டுக்கா பேசப் போறே?” அக்கா, மாட்டுக்கு இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீலக் கதவு போட்ட வீடு ஒன்று இருக்கிறதே, அந்தக் கதவுக்குப் பேசப் போகிறேன். கூட்டத்துக்கு வா என்று கூப்பிட்டும் வராத மனிதரின் காதுக்குக் கூட்டத்தையே அனுப்பி வைத்தால் என்ன என்று தோன்றியது. நீங்களும் கேளுங்கள், உங்களுக்கும் வேண்டியதுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டில் கஞ்சாவைப் பத்திரமாக வைப்பது எப்படி என்பது. இதைப் போய் இந்த ஊருக்கா சொல்லித் தர வேண்டும்? போலீஸ் ஹெலிகாப்டர் இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் கூரைப் புல்லுக்குள் செருகியவர்கள் நாம் அல்லவா? சோளக் குழிக்குள் புதைத்தவர்கள் நாம் அல்லவா? தொழுவத்துச் சாணத்துக்கு அடியில் மூட்டையை வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்து போலீஸ்காரருக்கே மோர் ஊற்றிக் கொடுத்தவர்கள் நாம் அல்லவா? தலைவரின் தகப்பனார் தேவாலய மேளத்துக்குள் ஒளித்து வைத்து, அந்த மேளத்தையே அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார் என்பார்கள். தலைவர் சிரிக்கிறார். அப்படியானால் அது உண்மைதான்.

பிறகு சட்டம் மாறியது. அவரவர் வீட்டில் அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பயம் போயிற்று. பயத்தோடு சேர்ந்து பதனமும் போயிற்று! கூரையில் இருந்தது அலமாரிக்கு இறங்கியது. அலமாரியில் இருந்தது அடுப்படிக்கு வந்தது. அடுப்படியில் இருந்தது ஃபிரிட்ஜுக்குள் பால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. போலீசுக்கு எட்டாத இடம் எதுவென்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பிள்ளைக்கு எட்டாத இடம் எதுவென்று யாராவது யோசித்தோமா?

அந்த நீலக் கதவுக்குள் இருக்கும் வெலிலே அண்ணனும் யோசிக்கவில்லை.

அவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை என்றாலும், அந்த ஸ்பீக்கர் வழியாக அவரே கேட்கட்டும் என்று சொல்கிறேன். ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் பாறையோடு பாறையாய்க் கிடந்துவிட்டு, நெஞ்சு நிறையத் தூசியும் முதுகு நிறைய வலியும் கொண்டு வீடு வந்தவர். மனைவி மண்ணுக்குள் போனார். மகன்கள் கேப் டவுனுக்குப் போனார்கள். புகைத்தால் நெஞ்சு அடைக்கும் என்பதால், இலையை மார்ஜரினில் உருக்கி வடிகட்டி, இரவில் ரொட்டியில் கொஞ்சம் தடவிச் சாப்பிடுவார். அது ஒன்றுதான் அவர் முதுகை நிமிர்த்தியது. என் கணவர் இன்னும் அதே சுரங்கத்தில்தான் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்குத்தான் முகம் காட்டுவார். ஆகவே எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலிக்கு இந்தப் பக்கம் தனியாக ஒருத்தி, அந்தப் பக்கம் தனியாக ஒருவர். நடுவில் ஓடித் திரிந்தவள் என் ஐந்து வயது மகள் லுனாத்தி. அவருக்கு அவள் வைத்த பெயர் மாமா. நான் பள்ளியில் பாத்திரம் கழுவி முடித்து வரும்வரை அவள் அங்கேதான் இருப்பாள்.

இப்போது தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கிறதா? இல்லை! நேற்றைய பீன்ஸ் இருக்கிறது! பிஸ்கட் டின்னுக்குள் பிஸ்கட் இருக்கிறதா? ஊசியும் நூலும் இருக்கிறது! நம் வீட்டில் எந்த டப்பா அதன் பெயருக்கு உண்மையாக இருந்திருக்கிறது? அண்ணனின் ஃபிரிட்ஜில் இரண்டு மார்ஜரின் டப்பாக்கள் இருந்தன. ஒரே மஞ்சள், ஒரே மூடி. ஒன்றில் மார்ஜரின். மற்றதிலும் மார்ஜரின்தான், ஆனால் அது அவர் முதுகுக்கு உரியது.

அன்று அவர் ஆட்டுப் பட்டியில் வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பசித்த பிள்ளை தானே ஃபிரிட்ஜைத் திறந்தாள். தானே ரொட்டியை எடுத்தாள். தடவினாள், நன்றாகத் தடவினாள், தாராளமாகத் தடவினாள், இன்னொரு ரொட்டிக்கும் தடவினாள். பிறகு வெளியே வந்து, “மாமா, சுவரு நடக்குது மாமா” என்றாளாம். அவர் சிரித்திருக்கிறார். “எங்கடி போகுது?” என்று கேட்டிருக்கிறார். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஓடிப் பார்த்தவருக்கு, மேசைமேல் திறந்து கிடந்த டப்பா எதுவென்று வாசனையிலேயே தெரிந்துவிட்டது.

நாலு எட்டு நடந்தால் இருமுகிற மனிதர், பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டு மேடேறி டாக்சி நிற்கும் இடம்வரை ஓடினார். நான் மருத்துவ நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் துணிபோலக் கிடக்கிறாள், கண் திறக்கவில்லை. “என்ன சாப்பிட்டா?” என்று செவிலியர் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? “ரொட்டின்னு நெனைக்கிறேன் சிஸ்டர்” என்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன், மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “சிஸ்டர், அவ தின்னது என் கஞ்சா. மார்ஜரின்ல போட்டது. ரெண்டு ரொட்டி நெறய. டப்பா என்னோடது, வச்சது நான்.” அங்கே ஒரு போலீஸ்காரர் தன் விரலில் போட்டிருந்த கட்டு மாற்ற உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை.

அந்த ஒரு வாக்கியம்தான் என் பிள்ளையைக் காப்பாற்றியது. செவிலியர் நொமபேலோ இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அது தெரியாமல் போயிருந்தால் மூளைக்காய்ச்சலோ என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முதுகெலும்பில் ஊசி போட்டிருப்பார்கள். தெரிந்ததால் மூச்சைக் கவனித்தபடி பக்கத்திலேயே இருந்தார்கள். மறுநாள் கண் விழித்தவள், “மாமா எங்க?” என்றாள். அடுத்ததாக, “பசிக்குது” என்றாள்.

மாமா எங்கே? வீட்டுக்குள்ளே. பூட்டிய கதவுக்குள்ளே.

தண்ணீர்க் குழாயடியில் என்னென்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியும். “பேசாம ரொட்டின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, கிறுக்கன்” என்று ஒரு குரல். “பிள்ளைக்கு வெஷம் வச்சவன் வீட்டுப் பக்கம் போகாதீங்க” என்று இன்னொரு குரல். மாம்பேலே அக்கா, குனிய வேண்டாம், உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ரோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கதவில் பட்டது. அவர் டப்பாவைக் குழி தோண்டிப் புதைத்தார். ஆடுகளை விற்றார். ரேடியோவை நிறுத்தினார். மாலையானால் அந்த வீட்டில் அடுப்புப் புகை எழாத நாட்களை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான்தான் பார்த்தேன். வலியோடு குனிந்து குனிந்து விடியலில் தண்ணீர் எடுக்கப் போவார், நீங்கள் யாரும் எழுவதற்கு முன்னால்.

ஒருநாள் தட்டில் சோளமும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

“யாருமில்ல” என்று உள்ளேயிருந்து சத்தம்.

“யாருமில்லன்னு சொல்றது யாரு?” என்று கேட்டேன்.

தாழ்ப்பாள் ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு, “யாருமில்ல தங்கச்சி, நீ வீட்டுக்குப் போ” என்றார்.

ஐயா பெரியோர்களே! சுரங்கத்தின் ஆழம் தெரிந்த மனிதருக்கு, அதைவிட ஆழமான ஓர் இருட்டைச் சொந்த வீட்டுக்குள்ளேயே தோண்டிக் கொடுத்தது யார்? என் பிள்ளையின் தூக்கம் ஒரே நாளில் தெளிந்தது. அந்த வீட்டின் மௌனம் இன்னும் தெளியவில்லையே! நானும் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கமில்லை: வேலியோரம் நின்று “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று என்னைக் கேட்க இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு மனிதர்தான். இப்போது என்னைக் கேட்க யாருமில்லை.

“பூட்டி வைத்திருக்கலாமே” என்கிறீர்கள். பூட்டியிருந்தால் விட்டிருப்பீர்களா? நம் ஊரில் சமையலறையில் பூட்டைப் பார்த்தால் விருந்தாளி என்ன சொல்வார்? “என்னத் திருடின்னு நெனச்சியா?” என்பார். இன்னொருவர், “பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ள என்ன மருந்து, யாருக்கு வைக்கிற சூனியம்?” என்பார். பூட்டினால் சூனியக்காரர், பூட்டாவிட்டால் கொலைகாரர்! ஒரு தனி மனிதர் எந்தப் பக்கம்தான் திரும்புவார்?

ஆகவே இன்று இந்த மேடையில் ஊரறிய ஒரு வழக்கத்தை மாற்றுவோம். சுரங்கத்துக்குப் போன ஒவ்வொரு ஆணும் கொண்டு வந்த தகரப் பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. தங்கத்தையும் பிளாட்டினத்தையும் தோண்டியவர்கள் தங்களுக்கென்று கொண்டு வந்தது அந்தத் தகரத்தைத்தான்! அதற்குள் கிடக்கும் பழைய கம்பளியை வெளியே எடுங்கள். இலையோ, எண்ணெயோ, கேக்கோ, மார்ஜரினோ, அதற்குள் வையுங்கள். சோற்று டப்பாவில் போடாதீர்கள், மருந்துப் புட்டியில் இட்டு வெளியே பெரிதாக எழுதுங்கள். எழுத வராதவர்கள் சிவப்புச் சாயம் பூசுங்கள். குளிரில் வைத்தே தீரவேண்டியது என்றால், பூட்டுள்ள சின்னப் பெட்டியோடு ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். சாவி கழுத்தில் இருக்கட்டும். பிள்ளை பார்க்கத் தின்னாதீர்கள். இத்தனைக்கும் மேலே ஏதாவது நடந்துவிட்டால் ஓடுங்கள், ஓடிப்போய் உண்மையைச் சொல்லுங்கள், போலீஸ்காரரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும் வெலிலே அண்ணனைப் போலச் சொல்லுங்கள்! இனி ஒரு வீட்டில் பூட்டைப் பார்த்தால், “இங்கே பிள்ளைகள் வந்து போகிறார்கள்” என்று அதற்குப் பொருள் கொள்ளுங்கள். பெட்டியைப் பூட்டுங்கள் என் மக்களே! கதவைப் பூட்டாதீர்கள்! பெட்டியைப் பூட்டுங்கள், மனிதரைப் பூட்டாதீர்கள்!

நன்றி, நன்றி, கைதட்டியது போதும். இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது.

இன்று காலை என் கணவரின் தகரப் பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டு, அந்த நீல வாசலில் கொண்டுபோய் வைத்தேன். லுனாத்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், சாவி அவள் கையில். “மாமா வந்து வாங்கிக்கட்டும், அதுவரைக்கும் எறங்க மாட்டேன்” என்றாள். கூட்டத்துக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். மேடையில் நிற்பவளுக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள், நான் உங்கள் தலைக்கு மேலே அந்த வாசலைப் பார்க்கிறேன். அண்ணா, இவ்வளவு நேரம் உங்களிடம்தான் பேசினேன். என் பிள்ளை நன்றாக இருக்கிறாள். அவளுக்குப் பசிக்கும் நேரம் இது.

திரும்பாதீர்கள்! தாய்மார்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒரு கை வெளியே வந்திருக்கிறது, பெட்டிக்கு அல்ல, அவள் தலைக்கு. இப்போது அவர் படியில் நிற்கிறார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார். அவள் என்னவோ கேட்கிறாள், அவர் உள்ளே கை காட்டுகிறார்.

கைதட்டாதீர்கள். சத்தம் கேட்டால் திரும்ப உள்ளே போய்விடுவார். தலைவர் அவர்களே, செவிலியர் அவர்களே, மாம்பேலே அக்கா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் மெல்லிய குரலில் என் நன்றி. மெல்லிய குரலிலேயே வணக்கம். அந்த ஸ்பீக்கரை இனி அணைத்துவிடலாம்.