பழனியாண்டியின் வாய்க்கட்டு

"அதுல காலு வைக்காத, புஷ்பா."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள். கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள். வெளியே மழை. தையல் கடையில் இருந்த ஆறு மின்சார மிஷின்களும் செத்துக் கிடந்தன. மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பழைய கால் மிஷினை இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்க்கா? கரண்ட் இல்லாம ஓடுறது இது ஒண்ணுதானே லா. சும்மாதானே கெடக்குது."

"எடு காலை."

அவள் காலை எடுத்து, பாதத்தை மற்ற காலில் தேய்த்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அவளுக்கு எதுவும் தெரியாது. எங்கள் முதலாளி ரமணி அந்த மிஷினில் யாரையும் உட்கார விடமாட்டாள். அதன் இழுப்பறையில் ஒரு சின்னக் கத்தரி இருக்கிறது. கடையிலேயே அதுதான் கூர்மை. அதையும் தொட விடமாட்டாள்.

ரமணி மெழுகுவத்தி வாங்கப் போயிருந்தாள். அவள் எதிரில் இதைப் பேச முடியாது. எல்லாரும் என்னை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். புஷ்பாவை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன். பண்டல் கடையில் வாங்கிய பழைய சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வருகிறாள். யாருடைய வேர்வையோ, யாருடைய அக்குளோ... எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதற்கும் காரணம் இந்தக் கதைதான். ரமணியின் பெரியம்மா நவமணிக்கு நடந்தது. அவர்களிடம் நான் சொன்னபடியே சொல்கிறேன்.

மணி எட்டரை. ஆனால் பொழுது முழுதாக இருட்டவில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். இனி டோக்கியோ மணிதான் மணி என்றான். சூரியனுக்கு அது தெரியவில்லை. சிடாம் கிரி பக்கம், தோட்டத்து மயானத்துக்குப் போகும் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் வெட்டும் கித்தா மரங்கள்... ஒரு நாய்கூட இல்லை. நாய்களையெல்லாம் தின்றாகிவிட்டது. அந்தச் சாலையில் நவமணி தனியாக நடந்து போனாள். இடுப்பில் நான்கு மரவள்ளிக் கிழங்கு.

அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம். வீட்டில் நான்கு வயதுப் பெண் சந்திரா குளிர்சுரத்தில் கிடந்தாள். சாயங்காலம் ஆனால் பல் கிட்டும், கட்டில் ஆடும். போர்த்த ஒரு முழத் துணி கிடையாது. அப்போது தோட்டத்தில் எல்லாரும் கோணியைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நவமணிக்கு வேலையே கோணியில் கால்சட்டை தைத்துக் கொடுப்பதுதான். பிள்ளைக்கும் கோணியைத்தான் போர்த்தினாள். பிள்ளை உடம்பெல்லாம் சொறிப்புண். காலையில் கோணியை எடுத்தால் அதோடு தோலும் வந்தது. சீழ் ஒட்டிய இடத்தில் ஈ மொய்த்தது. இன்னும் நான்கு நாள் இப்படிக் குளிரில் கிடந்தால் பிள்ளை இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் போனாள். மயானத்தில் குழி வெட்டுகிற அய்யாவுவிடம் துணி இருக்கிறது என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேச்சு.

கிழங்கை வாங்கிக்கொண்டு அய்யாவு ஒரு மூட்டையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பிரித்தாள். எல்லாம் பட்டை பட்டையாக வெள்ளைத் துணி. இரண்டு விரல் அகலம். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு.

தையல்காரிக்குத் துணியைப் பார்த்தால் தெரியாதா? அவை கால்கட்டுகள், வாய்க்கட்டுகள். செத்தவர்களின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவோமே, வாய் திறந்துகொள்ளாமல் தாடையோடு உச்சந்தலைக்கு ஒரு கட்டுப் போடுவோமே, குழியில் இறக்கும்போது அவிழ்த்துவிடுவோமே, அவைதான். அந்த வருஷம் வயிற்றுப்போக்கில் லயம் லயமாகச் செத்தார்கள். கோடித் துணி போர்த்த வழியில்லாத சனம் எப்படியோ இந்தப் பட்டையை மட்டும் தேடிக் கிழித்துக் கட்டினார்கள்.

அவள் தூக்கி எறியவில்லை. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றி, சாம்பல் போட்டு வேகவைத்தாள். கொதிக்கக் கொதிக்க மேலே மஞ்சளாக ஏடு கட்டியது. அதைக் கரண்டியால் வழித்து வழித்துக் கொட்டினாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் பாலைத் தொடவில்லையாம். நாற்றம் வெற்றிலைக் காவியும் மலமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது. பசியால் வாட்டி ஒரு சனத்தை இந்த அளவுக்கு இறக்கிவிட்டவர்களை நினைத்தால் அதைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

வெந்த பிறகு முடிச்சுகள் ஊறி இறுகிவிட்டன. நகம் நுழையவில்லை. துணி சேதமாகும் என்று வெட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஆமாம், பல்லால்தான். மிஷின் பக்கத்தில், பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக... ஒரு முடிச்சுக்குள் கால் நகம் இருந்தது. துப்பிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

எல்லாவற்றிலும் நீளமான ஒரு பட்டை இருந்தது. அதன் முடிச்சில் கொத்தாக நரைமுடி சிக்கியிருந்தது. நீள நீளமாக, வேரோடு, நுனியில் காய்ந்த தோலோடு. அது அடுத்த லயத்துப் பழனியாண்டியின் வாய்க்கட்டு. அவருடைய மூன்று மகன்களையும் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வந்த அன்றைக்குத்தான் முருகன் கோயிலில் தாடியை எடுப்பேன் என்று வேண்டிக்கொண்டவர். மகன்கள் வரவில்லை, அவர்தான் போனார். தாடி அடங்காமல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த முடி நவமணியின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு வழித்தும் ஒன்றிரண்டு தொண்டைக்குள் போய்விட்டது.

மாவுச் சாக்கில் உருவிய நூலைப் போட்டுத் தைக்க உட்கார்ந்தாள். பாதியில் மிஷினின் தோல் வார் அறுந்துபோனது. வார் இல்லாமல் மிதித்தால் சக்கரம் சுற்றாது. அந்தக் காலத்தில் வாருக்கு எங்கே போவது? பழனியாண்டியின் பட்டையை எடுத்துக் கயிறாக முறுக்கி, நுனியோடு நுனி வைத்துத் தைத்து, வாராக மாட்டிவிட்டாள். மிஷின் ஓடியது. விடிவதற்குள் ஒட்டுப்போர்வை தயார். சந்திராவுக்குப் போர்த்தினாள். பிள்ளை நடுக்கம் நின்று தூங்கியது.

மறுநாள் காலையில் போர்வையை விலக்கினால்... பிள்ளையின் கால் பெருவிரல் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தாள். இரண்டைச் சுற்றியும் சிவப்பாக ஒரு தடம், நூல் கட்டியது போல. அதற்கடுத்த காலை தாடையில் தடம். வாய் திறக்கவில்லை. கஞ்சியைக் கரண்டியால் கொடுத்தால் பல்லில் இடித்துக்கொண்டு வழிந்தது. போர்வையை எடுத்துத் தூரப் போட்டாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. தடக்... தடக்... தடக். மிதிபலகைச் சத்தம். போய்ப் பார்த்தாள், யாரும் இல்லை. பலகையில் ஈரமாகச் செம்மண். விரல் விரலாகப் பதிந்திருந்தது. ஓர் ஆளின் காலடி இல்லை, பெரிதும் சிறிதுமாகப் பல. மயானத்துத் துணியை வேகவைத்தபோது வந்த அதே நாற்றம்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, போர்வையையும் சுருட்டிக்கொண்டு, விடிந்ததும் மயானத்துக்கு ஓடினாள்.

"அய்யாவண்ணே, முடிச்ச அவுக்காமயா துணிய எடுத்தீங்க?"

"ஒரு நாளைக்கு எட்டு, ஒம்போது வருது. ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டு இருக்க முடியுமா? கட்டோட உருவிட்டேன்."

"நான் அவுத்துட்டேன்."

"எங்க வச்சு?"

"வூட்டுல. மிஷின் பக்கத்துல, புள்ள தலைமாட்டுல."

அய்யாவு மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"கட்டு எங்க அவுருதோ, அவுங்க அங்கேருந்துதான் நடப்பாங்க. குழியில எறக்கறப்ப இங்க அவுந்திருந்தா, இப்படியே தெக்கால போயிருப்பாங்க. நீ புள்ள தலைமாட்டுல கொண்டாந்து அவுத்துருக்க."

"இப்ப என்ன செய்யறது?"

"திரும்பக் கட்டி, இங்க வெட்டி, அவுங்கவுங்க குழியில போடணும். வெறுந்துணியில முடிச்சுப் போட்டா அது கட்டு இல்ல. காலு வேணும், தாடை வேணும்."

"யாரு காலு?"

அய்யாவு குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

உச்சிப்பொழுது வரை நவமணி போர்வையைப் பிரித்தாள். பிறகு குழிமேட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அய்யாவு ஒவ்வொரு பட்டையாக அவள் பெருவிரல்களில் கட்டுவார், முடிச்சுப் போடுவார், கத்தியால் அறுப்பார், அவரவர் குழியில் போடுவார். பிறகு வாய்க்கட்டுகள். தாடைக்குக் கீழே கொடுத்து, உதட்டை அழுத்தி, உச்சியில் முடிச்சு. வேகவைத்தும் சாகாத சீலைப்பேன்கள் உடம்புச் சூட்டுக்கு வெளியே வந்து அவள் மூக்கின் ஓரமாக ஊர்ந்தன. வாய் கட்டியிருந்ததால் வாந்தி எடுக்கவும் வழியில்லை. வந்ததை விழுங்கினாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பிள்ளைக்காக என்றால் எதையும் விழுங்கலாம் என்று சொல்வது எளிது. அவள் விழுங்கினாள்.

பொழுது சாயும்போது மூட்டை காலி. சந்திரா வாயைத் திறந்து, "அம்மா, கஞ்சி" என்றாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. சந்திரா அக்கா இன்றைக்கும் புக்கிட் செலம்பாவில் இருக்கிறார். கால் பெருவிரல்களில் மெட்டி போட்ட மாதிரி தடம் மட்டும் போகவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நவமணி நினைத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி தடக்... தடக். இந்தத் தடவை மெதுவாக. ஒரே ஓர் ஆள். வயசான ஆள் மிதிக்கிற மிதி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போர்வையை மட்டும்தான் பிரித்தாள். வாரை மறந்துவிட்டாள்.

மறுநாளே அதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று இருந்தாள். இரவோடு இரவாக அய்யாவு அதே வயிற்றுப்போக்கில் செத்துப்போனார். எந்தக் குழி யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். வேறு எங்கே வைத்து வெட்டினாலும் பழனியாண்டி அங்கேயே நின்றுவிடுவார் என்று பயந்து நவமணி வாரைத் தொடவில்லை. மயானம் இப்போது எண்ணெய்க்கு நட்ட செம்பனைக் காடு. மிஷின் கைமாறிக் கைமாறி ரமணியிடம் வந்தது. வாரும் அதோடு வந்தது.

சொல்லி முடித்தபோதும் மழை விடவில்லை. யாரும் மூலைப் பக்கம் திரும்பவில்லை. புஷ்பா இன்னும் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரமணி நனைந்தபடி வந்தாள். மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். மூலையில் சாக்கு விலகிக் கிடந்ததைப் பார்த்தாள்.

"யாரு இதுல காலு வச்சது?"

"நான்தான்க்கா" என்றாள் புஷ்பா. "வச்ச ஒடனே எடுத்துட்டேன். என்னமோ சுருட்டிக்கிச்சு, இன்னும் கூசுது."

ரமணி அவளைத் திட்டவில்லை. மெழுகுவத்தியோடு மிஷின் முன்னால் குனிந்தாள். அப்போதுதான் நான் அந்த வாரை வெளிச்சத்தில் பார்த்தேன். அழுக்கேறிய கயிறு. அதன் உடம்பு முழுக்க நரைமுடி முளைத்து, நீளமாகத் தொங்கி, மிதிபலகையில் சுருண்டு கிடந்தது. இரண்டு முடி புஷ்பாவின் கால் விரல் இடுக்கில்.

ரமணி இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்னக் கத்தரியை எடுத்தாள்.

"போன மாசந்தான் வெட்டுனேன்" என்றாள்.