பீடோர் ரயிலில் புண்ணாக்குத் தண்ணி

“அக்கா, டின்னு மூச்சு முட்டி உப்புது.”

மலாயாவில் ஈப்போவிலிருந்து பீடோர் போகும் கரி ரயில், மூன்றாம் வகுப்பு. எனக்கு எதிரே இரண்டு தோட்டத்துப் பெண்கள். அவர்கள் காலடியில் இறுக மூடிய ஒரு தகர டின்.

“உப்பட்டும். பத்து நாள் ஊறின கடலைப் புண்ணாக்கு லா. தண்ணி கலந்து மூணு தடவ ஊத்து. ஒன் பாவக்காக் கொடி காய்ச்சுத் தொங்கி பந்தல் தாங்காது.”

“போன தடவ ஒரு பிஞ்சுகூட நிக்கலக்கா. டிக்கெட் ஐயா நாத்தம் புடிச்சு இதத் தூக்கி வீசிட்டா?”

“மூடியிருக்கே, ஏது நாத்தம்?”

டின் ‘டொக்’ என்றது.

“வெடிச்சா ஒரு சொட்டும் மிஞ்சாதுக்கா.”

அக்கா மூடியை லேசாக நெம்பி, காற்றை விட்டு, மறுபடி அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.

“என்ன நாத்தம் இது?”

அக்கா முந்தானையை டின்மேல் இழுத்துவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“விடுங்கய்யா, பாவம். ஏறுனதுலேருந்து அவருக்கு வயிறு சரியில்ல.”

பெட்டியே என் பக்கம் திரும்பியது. பிறர் பேச்சில் நான் குறுக்கிடுவதே இல்லை. வயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். பரிசோதகர் என் டிக்கெட்டைக்கூடக் கேட்காமல் அடுத்த பெட்டிக்கு ஓடினார். டின் பீடோரில் பத்திரமாக இறங்கியது.