அப்பா காதுல ஓடுற பாட்டு

மகன்: ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? ஐயோ அம்மா, அணை அதை!

அம்மா: கையெல்லாம் சோப்புடா. உங்கப்பா சட்டைக் காலரைத் தேய்ச்சுட்டு இருக்கேன். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது.

மகன்: அப்பா எங்க?

அம்மா: இங்கதான். நாற்காலியில.

மகன்: பக்கத்துலயா! அப்புறம் பேசறேன், வச்சுடறேன்...

அம்மா: வைக்காதே, வைக்காதே. ரெண்டு காதுலயும் மாட்டியிருக்கார். நீ அங்கேர்ந்து அனுப்பி வச்சியே, பாட்டுப் பெட்டி, அதேதான். கண்ணை மூடிட்டு, காலால தாளம் போட்டுட்டு... யானை வந்து பிளிறினாலும் தெரியாது.

மகன்: நிஜமா?

அம்மா: நீயே கேளு. ஏங்க... ஏங்க!

அப்பா: என்னது? பாட்டு ஓடுது! அப்புறம் சொல்லு!

மகன்: ஏன் இப்படிக் கத்தறார்?

அம்மா: காதுல மாட்டினா அப்படித்தான். காலையில நடக்கப் போறப்பவும் அதேதான். கடைக்காரர் வணக்கம் சொன்னா தலையை ஆட்டிட்டுப் போறார். நமக்கு ஆட்டினாரா, பாட்டுக்கு ஆட்டினாரான்னு அந்த மனுஷன் குழம்பி நிக்கறார்.

மகன்: என்ன பாட்டுப்பா கேக்கறீங்கன்னு அன்னிக்குக் கேட்டேன். 'எல்லாமே'ன்னார்.

அம்மா: ம்... சரி, நீ சொல்லு. குரலே சரியில்லையே?

மகன்: நேத்து ஒண்ணு கடிச்சிடுச்சும்மா.

அம்மா: ஐயையோ! எது? அந்தப் பஞ்சுமூட்டை நாயா?

மகன்: சேச்சே, அது தங்கம். இது புதுசு. செருப்பு அளவுதான் இருக்கும். பாக்கப் பாவமா இருந்துச்சு. தலையில ஷாம்பு வச்சேன், லபக்குன்னு கையைப் பிடிச்சிடுச்சு.

அம்மா: முன்னாடியே உறுமலையா?

மகன்: உறுமியிருக்கும். நான்தான் காதுல பாட்டு மாட்டியிருந்தேன். எல்லா நாயும் சேர்ந்து குரைச்சா மண்டை பிளக்குதும்மா. அதான் என் பிளேயரை இடுப்புல சொருகிட்டுக் குளிப்பாட்டறேன்.

அம்மா: அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கு. ஊசி போட்டியா?

மகன்: போட்டாச்சு. சும்மா கீறல்தான். அம்மா, மெதுவா பேசு. நான் நாய் குளிப்பாட்டற கடையில வேலை பாக்கறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா...

அம்மா: தெரிஞ்சா?

மகன்: என்ன இப்படிக் கேக்கறே! ஆபீஸ்ல ஆளைக் குறைச்சு என்னை வேலையை விட்டு அனுப்பினதே அவருக்குத் தெரியாது. 'என் பையன் கண்ணாடிக் கட்டடத்துல உக்காந்திருக்கான்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார். நாயைக் கண்டாலே தெரு மாறிப் போற மனுஷன். பையன் நாய்க்கு நகம் வெட்டறான்னா... என் மூஞ்சியில முழிப்பாரா?

அம்மா: இப்பல்லாம் அவர் ஊர்ல ஒண்ணும் சொல்றதில்லடா. அதான் காதுல பாட்டு இருக்கே. அதுவுமில்லாம உன் கடைக்கும் கண்ணாடிக் கதவுன்னியே.

மகன்: அம்மா!

அம்மா: சரி சரி. போன வாரம் அழுதே. இப்ப?

மகன்: இப்ப பரவால்ல. நிஜமா சொன்னா... பிடிக்குதும்மா. பஞ்சுமூட்டை என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டுது. அந்த ஆபீஸ்ல ஒருத்தர் தலையைக்கூட ஆட்டினதில்ல. ...இரு, வேலைக்குக் கிளம்பணும், காலுறை தேடறேன். ஒண்ணு இருக்கு... ஜோடியைக் காணோம்... இந்த டிராயர்ல... அம்மா.

அம்மா: என்னடா?

மகன்: அம்மா... இது எப்படி இங்க?

அம்மா: காலுறையா?

மகன்: ஒயர்! அப்பா பிளேயருக்கு சார்ஜ் போடற ஒயர்! கூடவே வைக்கணும்னு எடுத்தேன்... வைக்காம விட்டிருக்கேன்!

அம்மா: ஓ.

மகன்: என்ன ஓ? அதுக்குன்னு தனி ஒயர்ம்மா, வேற எதுவும் சேராது. இது இல்லாம ஒரு நாள் ஓடியிருந்தா அதிகம். மழைக்கு முன்னாடி அனுப்பினது, இப்ப வெயிலே வந்தாச்சு! அப்ப இத்தனை நாளா... அவர் காதுல என்ன ஓடுது?

அம்மா: இந்தக் காலர் அழுக்கு வேற போக மாட்டேங்குது.

மகன்: 'ஏங்க'ன்னதும் 'என்னது'ன்னாரே! எப்படிக் கேட்டுச்சு? அம்மா, எதையாவது சொல்லிப் பாரு. அவருக்குச் சுருக்குன்னு கோபம் வர்ற மாதிரி.

அம்மா: ஏங்க, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு மாசம் நம்ம வீட்ல தங்க வர்றாராம்!

மகன்: என்ன பண்றார்?

அம்மா: தாளம் நின்னுச்சு... இல்ல, திரும்ப ஆரம்பிச்சுட்டார். ஆனா வேற தாளம்.

மகன்: போச்சு! வேலை போனது, நான் அழுதது, நாய் கடிச்சது... எல்லாத்தையும் உக்காந்து கேட்டிருக்கார்! யானை பிளிறினாலும் தெரியாதுன்னு நீதானே சொன்னே!

அம்மா: சொன்னேன்.

மகன்: உனக்கு... அம்மா, உனக்குத் தெரியுமா?

அம்மா: இந்த வீட்ல எந்த ப்ளக்ல எது மாட்டியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? பெட்டி வந்த அன்னிக்கே தலைகீழா கவுத்து ஒயரைத் தேடினார். நேரம் பார்த்து நீ போன் பண்ணி, 'சத்தம் எப்படிப்பா இருக்கு'ன்னே. 'பிரமாதம்டா'ன்னுட்டார். பிள்ளை மறந்துட்டான்னு சொல்ல மனசு வரலை. அப்புறம் எங்க கழட்டறது?

மகன்: தெரிஞ்சே ஸ்பீக்கர்ல போட்டியா?

அம்மா: பின்ன? நானா போய்ச் சொல்லியிருந்தா வீடு ரெண்டாயிருக்கும். இப்ப அவர் கோபப்படணும்னா, முதல்ல காதுல ஒண்ணும் ஓடலைன்னு ஒத்துக்கணும். மானஸ்தன், ஒத்துக்குவாரா? வேலை போனதைச் சொன்ன அன்னிக்குக் காலே ஆடலை. சாப்பாடும் இறங்கலை. இப்ப பஞ்சுமூட்டைன்னாலே ஆடுது.

மகன்: அப்பா...? அப்பா, கேக்குதா?

அம்மா: இரு... ஒரு காதைக் கழட்டறார்.

அப்பா: டேய்... குளிப்பாட்டும்போது ஒரு காதுல மட்டும் மாட்டு. உறுமறது கேக்கணும்ல? அப்புறம்... அந்த ஒயரை அனுப்பிக்கிட்டு இருக்காதே.