டெல்மாரின் லைசென்ஸ்

— கதவைத் திறக்காதேடி! மணி அடிச்சுட்டு நிக்கட்டும். நான் இன்னும் பாத்து முடிக்கல.

— ஐயோ அக்கா, ஜூலை வெயில்ல நிக்கறார். நம்ம டர்லாக் ஊரு வெயில் உனக்குத் தெரியாதா? உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் தண்ணியாவது குடுக்கலாமே.

— தண்ணி குடுத்தா காபி கேப்பான். காபி குடுத்தா கையெழுத்து கேப்பான். கேளுடி இடலினா, காங்கிரீட் ஒருதரம் ஊத்தினா ஊத்தினதுதான். ரொட்டி மாவா அது, சரியா வரலன்னு திரும்பப் பிசைய?

— சரி, சரி, சீக்கிரம் பாரு. அவரோட லைசென்ஸ் நம்பரைப் போட்டியா?

— போட்டேன். கான்ட்ராக்டருக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கற மாநில போர்டோட இணையப் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. உன் வீட்டு இன்டர்நெட் ஆமைக்குத் தம்பி. ஆங், வந்துடுச்சு!

— என்ன போட்டிருக்கு? வாசி, வாசி!

— உனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு? வாசல்ல கார் ஏறுற பாதைதானே போடப்போறே, அரண்மனையா கட்டப்போறே?

— அக்கா, வாசியேன்!

— பேரு டெல்மார் ஹாஸ்கல். தொழில் காங்கிரீட். லைசென்ஸ் நடப்புல இருக்கு.

— இருக்குல்ல? நான் அப்பவே சொன்னேன்!

— குதிக்காதே. என் வீட்டுக்குக் காங்கிரீட் போட வந்தானே ஒருத்தன், அவன் லாரியிலயும் பளபளன்னு நம்பர் எழுதியிருந்துச்சு. அது யாரோ செத்துப்போன மனுஷனோட நம்பர். அவன் கூட்டிட்டு வந்த ஆளு கலவை வண்டிக்கு அடியில மாட்டி இடுப்பு உடைஞ்சு கிடந்தப்பதான் தெரிஞ்சுது, வேலையாள் இன்சூரன்ஸும் கிடையாதுன்னு. ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில விடிஞ்சுது? என் தலையில! அப்பா அசோர்ஸ் தீவுலேர்ந்து வந்து மாடு கறந்து வாங்கின வாதுமைத் தோப்பு, ஒரே வருஷத்துல போச்சு.

— மறப்பேனா அக்கா? அதனாலதானே உன்னைக் கூப்பிட்டேன்.

— கூப்பிட்டேயில்ல, அப்ப வாயை மூடிட்டு நில்லு. உன் புருஷன் மானுவல் கண்ணை மூடினதிலேர்ந்து நீ ஒத்தையா இருக்கேன்னு ஊருக்கே தெரியும். ஏமாத்த வர்றவனுக்கு அது ஒண்ணு போதும். இரு... பாத்தியா, பாத்தியா! கீழே ஒண்ணு கிடக்கு. இவன் லைசென்ஸ் நடுவுல முழுசா ஒரு வருஷம் செயல்ல இல்லாம இருந்திருக்கு!

— இருக்காது அக்கா. வேற யாரோடதோ பாக்கறே.

— கண்ணாலயே பாரு. எவனையோ நல்லா ஏமாத்தியிருக்கான், பிடுங்கி வச்சுட்டாங்க. ஏண்டி முகம் இப்படி வெளுத்துப்போச்சு? திற கதவை. நானே கேக்கறேன்.

— குட் மார்னிங்ங்க மேடம். வெயில் இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்திங்க.

— வெயிலைப் பத்தி அப்புறம் பேசலாம் டெல்மார். உங்க லைசென்ஸை ஏன் ஒரு வருஷம் நிறுத்தி வச்சாங்க?

— அவங்க நிறுத்தலீங்க. நான்தான் எழுதிக் குடுத்து நிறுத்தி வச்சேன்.

— தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கற ஆளு எங்க இருக்கான்?

— சம்சாரத்துக்கு உடம்பு முடியாமப் போச்சுங்க. ஃப்ரெஸ்னோ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா ஓட்டம். காங்கிரீட் நம்மளுக்காகக் காத்திருக்காதுங்க, இறுகுற வரைக்கும் கிட்டவே நிக்கணும். மனசு ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப இன்னொருத்தர் வீட்டு வேலையை ஒப்புக்கறது தப்புன்னு தோணுச்சுங்க. அவ போன பிறகும் கொஞ்ச நாள் எதையும் தொட முடியலீங்க.

— அப்படியா... ம். உக்காருங்க. இடலினா, என்னடி சிலை மாதிரி நிக்கறே, தண்ணி கொண்டா. ஐஸ் போட்டுக் கொண்டா. சரி, இன்சூரன்ஸ்?

— இந்தாங்க. ரெண்டும் இருக்குங்க. வீட்டுக்குச் சேதமானாலும் குடுப்பாங்க, ஆளுங்களுக்கு அடிபட்டாலும் குடுப்பாங்க.

— காகிதம் யார் வேணா அச்சடிக்கலாம்.

— ஆமாங்க. அதனால கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுடுங்க. காகிதத்துல இருக்கற நம்பர் வேண்டாமுங்க, நீங்களே தேடி எடுத்த நம்பர்ல கேளுங்க.

— அட, இது நான் சொல்ல வேண்டிய வசனம்! இடலினா, அந்த ஃபோனை எடு... ஹலோ? ஆமா, டெல்மார் ஹாஸ்கல், காங்கிரீட். இன்னிக்குத் தேதியில செல்லுமான்னு தெரியணும்... நான் யாரா? வீட்டுக்காரியோட அக்கா ஓடெட்... ஆமாம்மா, அக்காவுக்கும் கேக்க உரிமை உண்டு... எல்லா ஆளுக்குமா? நிச்சயமா?... சர்டிபிகேட்டை நீங்களே எனக்கு நேரா அனுப்பறீங்களா? சந்தோஷம்.

— சொல்லு அக்கா! என்ன சொன்னாங்க?

— இருக்குடி! இவர்கிட்ட வேலை பாக்கற ஒவ்வொருத்தருக்கும் இருக்கு!

— கடவுளே!

— இன்னும் முடியல. முன்பணம் எவ்வளவு கேக்கறீங்க டெல்மார்?

— ஒரு காசு வேண்டாமுங்க.

— வேண்டாமா? இப்பதான் எனக்கு நிஜமாவே சந்தேகம் வருது.

— அக்கா, போதும், விடேன்!

— நீ சும்மா இரு. ஏங்க, இத்தனை கேள்வி கேட்டேனே, கோபம் வரலியா உங்களுக்கு?

— எதுக்குங்க கோபம்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதும்பாங்க.

— நான் பூனையா?

— ஐயோ, மன்னிச்சுக்குங்க. புலின்னு வச்சுக்கலாமுங்க.

— ஹா! பேசவும் தெரியுது. சரி. கேளுடி இடலினா, தோப்பு போன நாள்லேர்ந்து நான் எவனையும் நல்லவன்னு சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன். இந்த ஆளை நம்பலாம்.

— நிஜமாவா அக்கா? மனசாரச் சொல்றியா?

— மனசாரத்தான். எங்கே ஒப்பந்தம்? எடுங்க, கையெழுத்தைப் போட்டுடட்டும்.

— ஒப்பந்தம் எதுவும் கொண்டு வரலீங்க மேடம்.

— கொண்டு வரலியா? அப்புறம் என்னிக்குத்தான் வேலை ஆரம்பிக்கறதா உத்தேசம்?

— அதை உங்க தங்கச்சிகிட்டதான் கேக்கணுமுங்க.

— என்னடி நடக்குது இங்கே? ஏன் அழறே? ஏன் சிரிக்கறே? ரெண்டுல ஏதாவது ஒண்ணைப் பண்ணு!

— பாதையை அப்புறம் போட்டுக்கலாம் அக்கா. போன ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு இவர் கேட்டார். எங்க அக்கா பாத்து சரின்னா சரின்னு சொல்லியிருந்தேன்.