மாட்டு டாக்டரம்மா சொன்ன காய்ச்சல்

இந்தக் கூட்டத்தை நடத்தித் தந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை திருமதி தெரசா அம்மையார் அவர்களே, மேடையில் இருக்கும் விலங்கியல் பேராசிரியர் சுருளி அவர்களே, ஆன்மேரி அக்காவை இழந்து நிற்கும் அவர் கணவர் மரியராஜ் அண்ணன் அவர்களே, மருத்துவ நண்பர்களே, மாணவர்களே, காலையில் வெற்றிலை கிள்ளி முடித்த கையோடு சோழவந்தானிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்தத் திருநகர் மண்டபத்துக்கு வந்திருக்கும் கொடிக்கால் உழைப்பாளிகளே, மாடு வளர்க்கும் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் சிவபாண்டியின் வணக்கம்.

நான் மருத்துவன். மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவன். இதைச் சொல்லாமல் மறைந்த கால்நடை மருத்துவர் டாக்டர் ஆன்மேரி அவர்களைப் பற்றி என்னால் பேச முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் மாட்டு டாக்டர், நான் மனித டாக்டர் என்ற நினைப்பு எங்கள் நடுவில் சுவராக நின்றது. அந்தச் சுவரைக் கட்டியவன் நான்தான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். மன்னிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆன்மேரி அக்காவுக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் அதற்குப் பதில் தெரிந்த ஆளைத் தேடி எங்கே வேண்டுமானாலும் போய்விடுவார். சாணி அப்பிய சேலையோடு துணைவேந்தர் அறை வாசலில் நிற்பார். எலி பிடிக்கிறவரிடம் உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் பொறுமையாக இருந்திருந்தால் இந்த மண்டபத்தில் சிலர் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள். இது மேடைக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை, நான் மருத்துவனாகச் சொல்வது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வைகையில் இரு கரையும் தண்ணீர். கொடிக்கால்களில் பாத்திக்கு நடுவே ஓடும் வாய்க்கால் வடியாமல் முழங்கால் அளவுக்கு நின்றது. வெற்றிலைக்கொடிக்கு மழை தெரியுமா, விடுமுறை தெரியுமா? தீபாவளிச் சந்தைக்கு இலை போயாக வேண்டும். பெண்கள் வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நின்று கிள்ளினார்கள்.

அப்போது சோழவந்தானில் ஒரு மருத்துவமனையில் நான் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் கொடிக்காலில் வேலை செய்யும் ஓர் அம்மாவை அவர் மகள் பாண்டிச்செல்வி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அனலாகக் காய்ச்சல், கண்ணெல்லாம் சிவப்பு. "சார், கெண்டைக்கால்ல கையே வைக்கவிட மாட்டேங்குது எங்கம்மா. அம்புட்டு வலிங்குது" என்றார் மகள். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதி, படுக்கையில் சேர்த்தேன்.

மறுநாள் ஆன்மேரி அக்கா வந்தார். தொழுவத்திலிருந்து நேராக வந்திருந்ததால் நர்ஸ் அவரை வாசலிலேயே மறித்தார். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. என் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்து வைத்தார். உள்ளே அந்த ஊரின் வரைபடம், கையால் வரைந்தது. சினை கலைந்த மாடுகள் நின்ற தொழுவங்களுக்குச் சிவப்புப் புள்ளி. பேராசிரியர் சுருளி எண்ணிய எலி வளைகளுக்கு நீலப் புள்ளி. வாய்க்கால் கறுப்புக் கோடு. புள்ளிகள் எல்லாம் அந்தக் கோட்டை ஒட்டியே இருந்தன.

"டாக்டர், ஒரே தெருவுல பதினோரு மாட்டுக்குச் சினை கலைஞ்சிருக்கு. எனக்கு இது எலிக்காய்ச்சலாத் தெரியுது. எலி மூத்திரம் தண்ணியில கலந்து, மாட்டுக்கு வந்திருக்கு. அந்தத் தண்ணியிலதான் பொம்பளைங்க நிக்கிறாங்க. கண்ணு செவந்து, கெண்டைக்கால் வலியோட யாராச்சும் வந்தாங்களா? மனுசங்களுக்குப் பச்சைப் புள்ளி வைக்கணும். அது உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

நான் என்ன செய்தேன்? 'இருக்கிறார், இதோ மூன்றாவது கட்டிலில் இருக்கிறார்' என்று சொல்லியிருக்க வேண்டாமா? ரத்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டாமா? நான் கோபப்பட்டேன். என் அப்பா ஆண்டிச்சாமி நிலமில்லாத விவசாயக் கூலி. அவர் வேலை செய்த வீட்டில் தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சோறு போடுவார்கள். மாட்டுக்குத் தவிடு கலக்கும்போதே இவருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அந்தத் தொழுவத்தை விட்டு வெளியே வரத்தான் நான் டாக்டருக்கே படித்தேன். அந்த ஆங்காரத்தில், "எங்க ஆளுகள மாட்டோட ஒண்ணா வச்சுப் பாக்குறீங்களா மேடம்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர், "இல்ல டாக்டர். ரெண்டு பேரும் ஒரே தண்ணியில நிக்கிறாங்கன்னு சொல்றேன்" என்றார். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாவுக்கு உடம்பு மஞ்சளானது. காமாலை என்று எழுதினேன். நான்காம் நாள் சிறுநீர் நின்றது. மதுரைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஐந்தாம் நாள் அதிகாலையில் இறந்துவிட்டார். அப்போதுதான் இழுப்பறையைத் திறந்தேன். காமாலைச் சோதனைக்கு எடுத்ததில் மீதம் வைத்திருந்த ரத்தத்தை எடுத்துக்கொண்டு நானே ஆன்மேரி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார். ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம், எலிக்காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. காத்திருந்த நேரத்தில் சுருளி சார் ஆய்வகத்தில் வளர்த்திருந்த கிருமியை நுண்நோக்கியில் காட்டினார். இருட்டுக்குள் வெள்ளை நூல் துணுக்குகள். நுனி கொக்கியாக வளைந்து, சுழன்று சுழன்று போகின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத இந்தத் துணுக்குக்கு எலி என்ன, மாடு என்ன, மனிதன் என்ன? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் போட்டுவைத்திருக்கும் அத்தனை கோடுகளையும் அது தண்ணீரோடு தண்ணீராகக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அதை யார் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வீர்கள்? சுருளி சாரை இருபது வருடமாக எலி வாத்தியார் என்று கேலி பேசினார்கள். நெல்லுக்கு எவ்வளவு சேதம் என்று பார்ப்பதற்காகத்தான் அவர் வளைகளை எண்ணினார், காய்ச்சலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மாட்டுக்குச் சினை ஏன் கலைகிறது என்பது ஆன்மேரி அக்காவுக்குத் தெரியும், மனித உடம்பைத் தொட அவருக்கு அதிகாரம் கிடையாது. எனக்கு அதிகாரம் இருந்தது, கண் இல்லை. நுண்நோக்கிக்காகக் கண்ணாடியைத் தேய்த்து வில்லை செய்தவன் காய்ச்சலை நினைத்தா செய்தான்? எங்கெங்கோ, யார் யாரோ, வேறு எதையோ தேடி வைத்துவிட்டுப் போன அறிவையெல்லாம் இந்த ஊரில் ஒரு பெண்மணி நாற்பது பக்க நோட்டில் கொண்டுவந்து சேர்த்தார். பன்னிரண்டு ஆண்டு ஆகிறது, எனக்கு இன்னும் அந்த வியப்பு அடங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மழைக்காலத்தில் பத்தொன்பது பேர் அதே காய்ச்சலோடு வந்தார்கள். முதல் நாளே மருந்தைத் தொடங்கினோம். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண மருந்துதான். பத்தொன்பது பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? அடுத்த மழைக்கு மறுபடியும் அதே தண்ணீரில்தானே நிற்க வேண்டும்? முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனோம். கொடிக்கால்காரர் மலைச்சாமி அண்ணன் வாசலிலேயே தடுத்துவிட்டார். "கொடிக்காலுக்குள்ள செருப்புப் போட்டு யாரும் போனதில்ல டாக்டர். கொடி பட்டுப்போகும்" என்றார். எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்குமே. கிருமி, நோய், மூடநம்பிக்கை என்று அரை மணி நேரம் விளாசினேன். ஒருவர்கூட அசையவில்லை. ஆன்மேரி அக்கா என்னைப் பார்த்து, "பிரசங்கம் முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "என்ன செஞ்சா சரிவரும்னு நீங்களே சொல்லுங்க" என்று பெண்களிடம் கேட்டார்.

பதில் சொன்னவர் பாண்டிச்செல்வி. தாயை இழந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அம்மா நின்ற பாத்தியில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். "ஊரெல்லாம் மிதிச்ச செருப்பத்தானே மாமா உள்ள விடமாட்டோம்? இது இங்கயே கெடக்கட்டும். தெருவப் பாக்காமலே இருக்கட்டும். அதுக்குப் பேரு செருப்பா?" என்றார்.

மலைச்சாமி அண்ணன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "அது வாஸ்தவந்தான்" என்றார். முதல் சோடியைக் கொடியடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு அவரே மாட்டினார். இன்றைக்கும் அந்தப் பூட்ஸ்கள் கொடிக்கால் கொட்டகையிலேதான் தொங்குகின்றன. எந்தக் கல்லூரியிலும் படிக்காத ஒரு பெண் சொன்ன அந்த யோசனைதான் எங்கள் மருந்தைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியது.

இதோடு முடியவில்லை, கேளுங்கள். பயிர் நோய் படிக்கும் தமிழ்வாணி என்ற மாணவி இங்கே இருக்கிறார். வெற்றிலைக்கொடி வேர் அழுகிச் சாவதைப் பற்றி ஆராய வந்தவர். அந்தக் கொடிக்கால்களில் மட்டும் அழுகல் குறைவாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. அழுகல் பூஞ்சை மண்ணோடு காலில் ஒட்டிக்கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகுமாம். வெளிச்செருப்பை உள்ளே விடாதே என்ற வழக்கம் கொடியைக் காப்பாற்றத்தான் வந்ததோ என்று இப்போது ஆராய்கிறார். இன்னும் முடிவு வரவில்லை, வந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'கொடி பட்டுப்போகும்' என்று மலைச்சாமி அண்ணன் சொன்னதை மூடநம்பிக்கை என்று திட்டியவன் நான்தானே? மாட்டுக் கொட்டகையில் தொடங்கிய ஒரு கேள்வி எலி வளைக்குப் போய், மனித ரத்தத்துக்கு வந்து, கடைசியில் கொடியின் வேருக்குப் போய் நிற்கிறது. ஆன்மேரி அக்காவிடம் இதைச் சொன்னபோது நோய்ப்படுக்கையில் இருந்தார். எழுந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ண நாளைக்கே கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை சொல்லி, நான் தட்டிக்கழித்தது. "செல்விகிட்டச் சொல்லிருங்க தம்பி. நான் போறதுக்குள்ள சொல்லிருங்க." நான் சொல்லவில்லை. அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அவர் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்மேரி அக்கா வந்தது, நோட்டு, இழுப்பறை, எல்லாம். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "ஏன் சார் பாக்கல?" என்று மட்டும் கேட்டார். என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், தொழுவத்தைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் கை நின்றது. "எங்கம்மாவும் அந்தத் தொழுவத்துப் பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்சதுதான் சார். அதுக்காகவா அதப் பாக்காம விட்டீக?" என்றார்.



நண்பர்களே, பிறகு அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு, அவர் இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கும்போதே சொல்கிறேன். "மன்னிச்சிட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. நீங்க புதுசா வார டாக்டர்களுக்குப் பாடம் எடுக்குறீகள்ல, அங்க இதச் சொல்லுங்க. நாளைக்கு மீட்டிங்குலயும் சொல்லுங்க. இந்தக் காய்ச்சலப் பத்தி நீங்க எழுதுன கட்டுரையில நாப்பத்திரெண்டு வயசுப் பெண் நோயாளின்னு போட்டிருக்கீகளாமே, தமிழ்வாணி படிச்சுக் காட்டுச்சு. அப்படிச் சொல்லாதீக. எங்கம்மாவுக்குப் பேரு இருக்கு."

டாக்டர் ஆன்மேரி அவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை எங்களை எல்லாம் ஒரே மேசையில் உட்கார வைத்தார். அந்தக் கூட்டம் நிற்காது. மாட்டு டாக்டரும் மனித டாக்டரும் எலி பார்ப்பவரும் கொடி பார்ப்பவரும் வருவோம், பாண்டிச்செல்வி தெருவின் காய்ச்சல் விவரத்தோடு வருவார். நோட்டில் பச்சைப் புள்ளி வைக்கும் வேலை இனி என்னுடையது. யார் வந்து எதைச் சொன்னாலும், அவர் எந்தத் துறை, என்ன படித்தவர் என்று பார்க்காமல் முதலில் கேட்போம் என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மருத்துவர்களுக்கு என் முதல் பாடம் என்னுடைய இந்தத் தவறாகத்தான் இருக்கும், என் பெயரோடு.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். ஒரு நிமிடம் டாக்டர் ஆன்மேரி அவர்களுக்கு.

அதற்கு முன்னால் ஒரு நிமிடம், என் வார்டில் மூன்றாவது கட்டிலில், நான் காது கொடுக்காததால் இறந்துபோன தங்கப்பொண்ணு அவர்களுக்கு.